நோவில்லாத கைக்கு எண் இரண்டு

வெல்லம் என்றால் எனக்கு இன்றும் குமட்டும். திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகக் கரண்டி பிடித்த குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று என் தகப்பனார் உயிரோடு இருந்தவரை வருத்தப்பட்டார். பாவம், குமட்டலுக்குக் காரணம் வெல்லம் இல்லை. எழுபதுகளின் நடுவில் அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளக்கரையில் என்னை நிறுத்திவைத்தவர்கள்தான் காரணம். அவர்களை நினைத்தால் வெல்லத்தின் வாடையும் கூடவே வந்துவிடுகிறது.

அமாவாசை என்றால் எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. முதல் நாள் சாயங்காலமே கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வந்து கோயிலைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் குளத்தில் முழுக்கு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்தால் அது கரைவதுபோல் உடம்பின் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. படியெல்லாம் சேறும் வெல்லமும் ஈயுமாகப் பிசுபிசுக்கும். கோயில் வாசல் கடைகளில் தகட்டில் அடித்த கை, கால், கண், வயிறு எல்லாம் கிடைக்கும். உரு என்போம். எந்த உறுப்புக்கு வேண்டுதலோ அந்த உருவை வாங்கி உண்டியலில் போடுவார்கள். எனக்கு இதெல்லாம் வீட்டுச் சமாசாரம். இதில் ஆராய்ச்சி செய்ய ஏதாவது இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நான் கணிதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜி கிண்டிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் ஒரு பேராசிரியர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். குறிகளையும் அவற்றின் பொருளையும் ஆராய்வது அவருடைய படிப்பு. நெற்றியில் இடுவது, தலையில் சூடுவது, சிவப்பு விளக்கு, கறுப்புக் கொடி எல்லாமே குறி; ஒவ்வொரு குறிக்கும் ஒரு இலக்கணம் உண்டு; அந்த இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மனிதன் மனதில் இருப்பதை அது நமக்குப் பிரித்துக் கொடுத்துவிடும் என்பார். அவர் பேசக் கேட்டால் யாரும் மயங்குவார்கள். நானும் மயங்கினேன். எங்கள் தெருவில் மட்டும், குறி சொல்லக் கற்றுக்கொள்ளவா இவள் எம்.ஏ. படித்தாள் என்று சிரித்தார்கள்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் உரு. யார் எந்த உருவை, எதற்காகப் போடுகிறார்கள் என்று வாசலில் நின்று கேட்டுவர ஊர்க்காரப் பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. வேலை கிடைத்தது. கோயிலில் நின்றுகொண்டு கண்டவர்களிடம் வயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று விசாரிப்பதா என்று அப்பா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

கம்ப்யூட்டர் யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் அப்போது அது ஆளுக்கொன்றாகக் கிடைக்கிற வஸ்து இல்லை. பல தொழிற்சாலைகள் வைத்திருந்த ஒரு முதலாளியின் தலைமை அலுவலகத்தில், குளிர் அறைக்குள், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. வாரம் முழுவதும் சம்பளக் கணக்கு போடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேராசிரியருக்குச் சும்மா கொடுத்தார்கள். கலாச்சார சேவை என்று பெயர். புதுவாயல் தாண்டி முதலாளிக்கு ஒரு பிரஸ் ஷெட் இருந்தது. தகடு வெட்டி டின்னுக்கு மூடி அடிக்கிற இடம். அவர் ஒருமுறை கோயிலுக்கு வந்து, செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, சேற்றில் கால் படாமல் நுனியில் நடந்து போனார். எவ்வளவு எளிமை என்று பேராசிரியர் கண்கலங்கினார்.

வேலை நடந்த விதம் இது. நான் கேட்டு வந்து எழுதிக் கொடுப்பேன். பேராசிரியர் அதைச் சிவப்புப் பென்சிலால் எண்களாக மாற்றுவார். தலைமை அலுவலகத்துப் பெண்கள் அந்த எண்களை அட்டையில் துளைகளாக அடிப்பார்கள். அட்டையைத் தின்றுவிட்டு இயந்திரம் காகிதத்தைத் துப்பும். எந்த உறுப்பு, எந்த ஊர், என்ன தொழில், எங்கே வேலை என்று வரிசையாக இடம் உண்டு. பெயர் கிடையாது, பெயர் கேட்பது அறிவியலுக்கு அழகில்லை என்றார். இவற்றோடு, நிலை என்று ஓர் இடம். நோய் தீர்ந்துவிட்டது, நன்றிக்குப் போடுகிறார்கள் என்றால் ஒன்று. நோய் இருக்கிறது, தீரவேண்டும் என்று போடுகிறார்கள் என்றால் இரண்டு. அவ்வளவுதான். அவர் கணக்குப்படி ஒரு மனுஷி சாமி முன்னால் நிற்க வேறு காரணமே கிடையாது.

புதுவாயல் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த ஒருத்தியை அந்தக் குளக்கரையில்தான் பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கையில் ஒரு கை உரு. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூட வந்த பெண்களின் கையிலும் அதுவே. எல்லோருக்கும் கையில் என்ன வந்தது என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்று சிரித்தார்கள். யாருக்காவது நோவு இல்லாமல் உரு எதற்கு என்று மறுபடி கேட்டேன். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரு பிரஸ்ஸு ஷெட்டுல சேந்துக்கீறாரு மா. முன்ன ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. அந்த மிஷினு இருக்குதே, அது கை கேக்குமாம். அதான் சாமிகிட்ட ஒரு கைய முன்னாடியே குடுத்துடறேன். இனிமே அது அவரோடத கேக்காது."

விசாரித்தபோது தெரிந்தது: அந்தப் பக்கத்துக் காலனிகளிலெல்லாம் வழக்கமே அப்படித்தான். புருஷனோ தம்பியோ பிரஸ்ஸில் சேர்ந்தால், முதல் அமாவாசைக்கே கை போட்டுவிட வேண்டும். மிஷினில் தகடு வைக்கிற கைக்கும் மேலிருந்து இறங்குகிற அச்சுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்ததாம். தடுப்பு இருந்தால் எண்ணிக்கை குறைகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். தடுப்பு இருந்த இடத்தில் இவர்கள் சாமியை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் விவரமாக எழுதி, கை நன்றாக இருக்கிறது, நோய் எதுவும் இல்லை என்று அழுத்தமாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

பேராசிரியர் படித்தார். சிவப்புப் பென்சிலால் இரண்டு என்று போட்டார்.

இது இரண்டு இல்லை என்றேன். நோயே இல்லையே, இது பயம். வரப்போவதைத் தடுக்கப் போடுவது. மூன்று என்று ஒன்று வைக்கவேண்டும் என்றேன். பயம் ஒரு நிலை அல்ல, அது உள்ளே நடப்பது, குறியின் இலக்கணத்துக்குள் வராது என்று அழகாக விளக்கினார். அப்படியானால் அந்த இடத்தைக் காலியாக விடலாமே என்றேன். அப்போதுதான் உண்மை வந்தது. காலியாக விட்டால் இயந்திரம் அட்டையைத் தள்ளிவிடுமாம். மூன்று வைத்தால் புரோகிராமை மறுபடி எழுதவேண்டுமாம். எழுதிக் கொடுத்த பையன் பம்பாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். ஆக, ஒருத்தியின் பயம் எங்கே போய் உட்காரவேண்டும் என்பதைப் பம்பாய் ரயில் தீர்மானித்தது. அதற்கு மேல் பூசின இலக்கணத்தை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்லியிருந்தால்கூட அவரை மன்னித்திருப்பேன்.

காகிதம் வந்த அன்று அவர் குழந்தை மாதிரி குதித்தார். நெடுஞ்சாலை ஓரமாக, மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, கைகளாகவே வந்திருந்தன. அத்தனையும் இரண்டு. நிலத்தை விட்டுவந்த மக்கள் ஏர் பிடித்த கையை இழந்ததாக உணர்கிறார்கள். அந்த ஏக்கமே உடல்நோயாக வெளிப்படுகிறது. கை என்பது இங்கே இழந்த நிலத்தின் குறி என்று பேச ஆரம்பித்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இவர் அதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கை என்றால் கைதான் சார், மிஷினில் தடுப்பு இல்லை என்றேன். மிகவும் நேரடியாகப் படிக்கிறாய், உனக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று என் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அதற்குப் பிறகு வந்த அமாவாசைக்கு அந்தப் பெண் வரவில்லை. கூட வந்தவர்களிடம் கேட்டேன். அவள் புருஷனுக்கு வலது கை போய்விட்டது என்றார்கள். கட்டைவிரலும் அதற்கடுத்த ஒன்றும்தான் மிச்சமாம். பெரியபாளையத்தில் பஸ் மாறி அன்றைக்கே புதுவாயல் போனேன்.

அந்த மனிதர் கட்டுப் போட்ட கையை மடியில், வேறு யாருடையதோ போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலிருந்து ஊசிய நாற்றம் வந்தது. கட்டு மாற்றப் போனால் கம்பெனி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். அவர்கள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் வேலையோ ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையோ கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டால் போதும். மிஷினால் போன கை என்றால் கம்பெனி அதைச் செய்தாக வேண்டும். ஆனால் அவர் மேல் விசாரணை வைத்திருந்தார்கள். கை முன்பே கெட்டுப் போயிருந்தது, அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தார், பிடிப்பு இல்லாததால் அச்சுக்கடியில் கையை விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலையும் இல்லை, வைத்தியமும் இல்லை, வெளியே.

முன்பே கெட்டிருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சொல்லுதாம் மா" என்றாள் அவள். "நானே போய் கோயில்ல சொல்லிக்கீறேனாம், எம் புருஷனுக்குக் கை நோவுன்னு. நான் எங்க மா அப்பிடி சொன்னேன்? உன்கிட்டதானே பேசினேன்?"

அட்டைகள் இருந்தது முதலாளியின் அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துப்பவைத்த காகிதத்தைத் திங்கட்கிழமை லேபர் ஆபீசர் எடுத்துப் பார்த்திருக்கிறார். பெயர் இல்லைதான். ஆனால் அந்தக் காலனியிலிருந்து அந்த ஷெட்டில் அந்த மாதம் புதிதாகப் பிரஸ்ஸுக்குச் சேர்ந்தவர் இவர் ஒருவர்தான். பெயர் எதற்கு?

மறுநாள் காலையில் பேராசிரியரின் வீட்டுக்குப் போனேன். டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்த அட்டையில் இரண்டு என்பது நோயைக் குறிக்காது, முன்கூட்டிய வேண்டுதலுக்கு வேறு எண் இல்லாததால் போட்டது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது. அதை விரலால் துழாவி எடுத்து, விரலைச் சப்பிவிட்டு, நிதானமாகப் பேசினார். ஒரு வரியில் அப்படி எழுதிக் கொடுத்தால் அந்த ஓர் அட்டை மட்டும் விழாது, நெடுஞ்சாலைக் கைகள் மொத்தமும் விழும், ஆராய்ச்சி விழும், புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நமக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் தேவைப்படும் அம்மா என்றார்.

அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் யார் வீட்டிலும் டீ குடிக்கவில்லை.

அவர் வராவிட்டால் போகட்டும், காதால் கேட்டவள் நான் இருக்கிறேன் என்று விசாரணைக்கு நானே போனேன். லேபர் ஆபீசர் மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்தார். அந்த மனிதர் கட்டுப் போட்ட கையோடு வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மனைவியை உள்ளே விடவில்லை. அவள் என்னிடம் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். காலனி வழக்கத்தைச் சொன்னேன். தடுப்பைக் கழற்றியதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்ச பொண்ணு. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். "மனுஷன் ஆள் பார்த்துப் பேசுவான். கம்ப்யூட்டருக்கு ஜாதி கெடையாது, சங்கம் கெடையாது. அது எதுக்கும்மா பொய் சொல்லப் போகுது?"

இரண்டு என்று போட்டது கம்ப்யூட்டர் இல்லை, ஒரு மனுஷன் சிவப்புப் பென்சிலால் போட்டான் என்றேன். அப்படியானால் அந்த மனுஷனை வரச் சொல்லுங்களேன் என்று சிரித்தார். பேராசிரியர் வரமாட்டார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. குளிர்பானத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாசலில் அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிடப் பார்த்தார். ஒரு கைதான் மேலே வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

விடுவதாக இல்லை நான். தொழிலாளர் துறைக்கு நேராக எழுதி, சாட்சி சொல்ல வருகிறேன் என்று கையெழுத்துப் போட முடிவு செய்தேன். விஷயம் தெரிந்த ஒரு வக்கீலிடமும் போய்க் கேட்டேன். நிற்கும் என்றார். நேரில் கேட்டவளின் சாட்சிக்கு முன்னால் அட்டை நிற்காது, தைரியமாகச் செய் என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு ருசித்தது.

பேராசிரியரிடம் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லப் போனபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. கோபம் வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார். அவள் புருஷனுக்குக் கை முன்பிருந்தே நோவுதான் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஆராய்ச்சிக்கு இது எவ்வளவு பெரிய பலம் தெரியுமா, இயந்திரம் சொன்னதைக் களமே உறுதிப்படுத்திவிட்டது, முன்னுரையில் சேர்த்துவிட்டேன் என்றார். உன்னையும் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறேன் என்றார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். காறித் துப்பவேண்டும்போல இருந்தது. துப்பவில்லை, வாய் உலர்ந்துபோயிருந்தது.

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. மிரட்டி வாங்கியிருப்பார்கள், அதையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று அன்றைக்கே புதுவாயல் போனேன். வீட்டில் அந்த மனிதர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் ஷெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எதற்காவது கெஞ்சப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்கைத் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். புடவைக்கு மேல் கம்பெனிச் சட்டை. என்னைப் பார்த்ததும் தூக்கை மூடிவிட்டு, மற்றவர்கள் காதில் விழாத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வக்கீல் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். கை நன்றாகத்தான் இருந்தது என்று அந்த மனிதர் ஒரு வரி சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் சாட்சி என்றேன். அவள் கேட்டுக்கொண்டே கேட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"வேணாம் மா" என்றாள். "அவரு கை முன்னாடியே நோவுதான்னு நான் ரேக வெச்சுக் குடுத்துட்டேன். குடுத்தாக்காதான் வேல தருவோம்னாங்கோ. அவரு மிஷின எனக்குக் குடுத்துக்கீறாங்கோ. இப்போ நீ போய் நோவே இல்லன்னு சொன்னா, நான் பொய் சொன்னேன்னு என்னையும் அனுப்பிடுவாங்கோ. உன்ன கையெடுத்துக் கும்புடறேன், நெஜத்த யாருகிட்டயும் சொல்லாத மா."

சொன்னபடியே கும்பிட்டாள். இரண்டு கையும் எண்ணெய்க் கறையோடு, விரல் எல்லாம் முழுசாக, என் முகத்துக்கு நேராக இருந்தன. உள்ளே மணி அடித்தது. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் ஷெட்டுக்குள் போனாள்.